பழைய வெள்ளி நாணயங்கள்: தரமும் சான்றும், கேள்வி பதில்

கேள்வி: சார், காசின் தரத்துக்கு 58, 63 என்று மதிப்பெண் போடுகிறார்களே, நூற்றுக்கா?

பதில்: 70க்கு. நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது. அப்புறம் வெள்ளிக்கும் வந்துவிட்டது. 60 முதல் மேலே புழங்காத காசு. வேடிக்கை என்னவென்றால், 58 வாங்கிய காசு பல நேரம் 60ஐ விட அழகாக இருக்கும். முதலாவதில் லேசான தேய்மானம்தான். மற்றது புழங்காவிட்டாலும் மூட்டைக்குள் இடிபட்டு உடம்பெல்லாம் தழும்பு.

கேள்வி: என் காசு கறுத்துவிட்டது. தரம் பார்த்துச் சான்று வாங்க அனுப்புவதற்கு முன் பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! அந்தக் கறுப்பு அழுக்கல்ல, காற்றிலுள்ள கந்தகம் பட்டு உண்டாகும் சல்பைடு படலம். அதைவிட முக்கியம் அடியில் இருப்பது. அச்சு இறங்கும்போது வெள்ளி விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச்செல்கிறது. காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றுங்கள். வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றிவரும். தேய்த்த காசும் மின்னும், ஆனால் அந்த ஒளி அசையாது. தரம் பார்ப்பவருக்கு ஒரு சுழற்று போதும். எண் கிடைக்காது, 'டீட்டெயில்ஸ்', அதாவது அசல்தான் ஆனால் பழுதுபட்டது, என்றுதான் எழுதித் தருவார். படலம் சீராக, நிறம் நிறமாகப் படிந்திருந்தால் அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

கேள்வி: மோர்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக் காசு அசலா என்று நாமே பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு. எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மி.மீ., வெள்ளி 90 சதவீதம். காந்தம் இழுத்தால் போலி. இழுக்கவில்லை என்பதற்காக அசல் என்று சொல்லிவிட முடியாது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தெடுத்த போலி. ஆனால் 1893 காசில் 'எஸ்' எழுத்தை ஒட்டி, சான்பிரான்சிஸ்கோவில் அச்சிட்ட அரிய காசு என்று விற்பார்களே, அது எடையில் தேறிவிடும். லூப் என்ற உருப்பெருக்கி வைத்து, எழுத்தின் அடியில் ஒட்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் உறையில் வைத்த காசில் பச்சைப் பிசுக்கு?

பதில்: பிவிசி உறையின் வேலை. தூய அசிட்டோனில் ஊறவிடுங்கள், தேய்க்காதீர்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. இனி மைலார் உறை.

கேள்வி: எல்லாக் காசையும் சான்றுக்கு அனுப்பலாமா?

பதில்: கட்டணத்தை விட மதிப்பு குறைந்ததை எதற்கு அனுப்புவது?

கேள்வி: ஸ்லாபில், அதாவது சான்று நிறுவனம் காசை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியில், இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: ஸ்லாபிலேயே போலி உண்டு. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற சான்று நிறுவனங்கள் இரண்டுமே தங்கள் தளத்தில் சான்று எண்ணைச் சரிபார்க்க வசதி தருகின்றன. எண் பொருந்தினால் மட்டும் போதாது, அசல் எண்ணையே களவாடிப் போடுகிறார்கள். அங்கே படம் இருந்தால் காசிலுள்ள முகத்தின் கன்னத்தில் இருக்கும் கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.