ஓவனில் பார்பெக்யூ ரிப்ஸ்: சாஸ் கருகுகிறது, கறி மட்டும் ஏன் ரப்பராக இருக்கிறது?

கேள்வி: கரி அடுப்பு வைக்க வீட்டில் இடமில்லை. அதனால் பன்றி விலா எலும்பை சாஸ் தடவி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். மேலே கருகிவிட்டது, உள்ளே கறி எலும்பை விடவே மாட்டேன் என்கிறது. முதலில் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஓவனில் வைக்கச் சொல்கிறார்கள் சிலர். அது சரியா? அந்தப் புகை வாசனையும் வேண்டும்.

பதில்: இளக வேண்டிய கறிக்குத் தேவைப்படும் சூடும், ஒட்டிப் பளபளக்க வேண்டிய சாஸுக்குத் தேவைப்படும் சூடும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்ததுதான் சிக்கல்.

கறி வேகவில்லை என்று நினைக்க வேண்டாம். பன்றி இறைச்சித் துண்டின் உள்சூடு 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வெளியே எடுத்து மூன்று நிமிடம் ஆறினாலே சாப்பிடப் பாதுகாப்பானது. நீங்கள் வைத்த ஒரு மணி நேரத்தில் அது எப்போதோ தாண்டியிருக்கும். ஆனால் வெந்த கறி எல்லாம் மெல்ல வருகிற கறி இல்லை. விலாப் பகுதி முழுக்க கொலாஜன் என்ற இணைப்புத் திசு ஓடுகிறது. அது சுமார் 70 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக ஜெலட்டினாக மாறத் தொடங்கும். கறியின் உள்சூடு 90, 95 டிகிரிக்கு ஏறும்போதுதான் கடித்தால் வருகிற பதம் கிடைக்கும். இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும், ஓவனை முறுக்கிவிட்டு அவசரப்படுத்த முடியாது. கறி ரப்பராக இருந்தால் 'அதிகமா வெந்துடுச்சு' என்று அடுத்த முறை நேரத்தைக் குறைப்பவர்கள் நிறைய. விலாவைப் பொறுத்தவரை அது நேர் தலைகீழ்.

தண்ணீரில் வேகவைக்கும் யோசனை எனக்குப் பிடிக்காது. கறி மெத்தென்று ஆகும், மறுக்கவில்லை. ஆனால் சாறும் ருசியும் தண்ணீரில் இறங்கி, அந்தத் தண்ணீரை நீங்கள் கீழே கொட்டுவீர்கள். ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி வைத்தால் கறி தன் சாற்றிலேயே வேகும்.

முதல் வேலை சவ்வை உரிப்பது. எலும்பு உள்வாங்கி வளைந்திருக்கும் பக்கத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். இதை விட்டால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பல்லில் இழுபடும், மசாலாவும் அந்தப் பக்கம் இறங்காது. ஓரத்து எலும்பின் மேல், ஸ்பூன் காம்பைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்புங்கள். விரல் நுழையும் அளவுக்குத் தூக்கியதும் டிஷ்யூ பேப்பரால் பிடித்து இழுங்கள். வெறும் கையென்றால் வழுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே இழுப்பில் முழுதாக வரும், இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டாக. சில கடைகளில் உரித்தே கொடுப்பார்கள், அதனால் இல்லாத சவ்வைத் தேடிக் கறியைக் கிழித்துவிட வேண்டாம்.

மசாலாவில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் பிரவுன் சுகர், ஒரு டேபிள்ஸ்பூன் ஸ்மோக்ட் பாப்ரிகா (புகையில் காயவைத்த மிளகாயின் பொடி), பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகுத்தூள் தலா ஒரு டீஸ்பூன். இரண்டு பக்கமும் தடவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும். நேரம் இல்லையா, உடனே ஓவனில் வையுங்கள், குடி முழுகிவிடாது.

ஓவன் 135 டிகிரி. உள்ளே ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 120 போதும். ஃபாயிலை இரண்டு அடுக்காகச் சுற்றி, ஓரங்களை இறுக்கமாக மடித்து, தட்டில் வைத்து உள்ளே தள்ளுங்கள். வினிகரோ ஆப்பிள் ஜூஸோ தெளிப்பதாக இருந்தால் கறிக்கும் ஃபாயிலுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். முதுகுப் பக்கத்துச் சின்ன 'பேபி பேக்' ரிப்ஸுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். வயிற்றுப் பக்கத்து 'ஸ்பேர்' ரிப்ஸ் பெரியது, கொழுப்பும் கூடுதல், மூன்று முதல் மூன்றரை மணி நேரம் கேட்கும்.

கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். எலும்புகளுக்கு நடுவில் பல்குச்சியைக் குத்துங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். எலும்பு முனையில் கறி அரை சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கும். தெர்மாமீட்டர் வைத்திருந்தால் முனை எலும்பில் படாமல் குத்துங்கள், பட்டால் தப்புக் கணக்கு காட்டும். அப்புறம், தொட்டாலே கறி கழன்று விழ வேண்டும் என்பது பலருடைய ஆசை. அமெரிக்காவில் பார்பெக்யூ போட்டிகளில் அப்படி விழுந்தால் அதிகம் வெந்தது என்று மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் கறி வந்து, பல் தடம் தெளிவாக நிற்பதுதான் அவர்கள் கேட்கும் பதம். நானும் அந்தக் கட்சிதான். உங்களுக்குக் குழைந்தால்தான் பிடிக்கும் என்றால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள்.

சாஸ் இப்போதுதான். பார்பெக்யூ சாஸில் தக்காளி கெச்சப், தேன், சர்க்கரை என்று இனிப்புதான் அதிகம், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் அது தாங்காது. ஃபாயிலைப் பிரித்து (ஆவி முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை) கீழே தேங்கிய சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்து, கறியின் மேல்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் சாஸ் வழிந்துவிடும். ஓவனை 200க்கு ஏற்றி, மெல்லிசாக ஒரு பூச்சு, பத்து நிமிடம். இன்னொரு பூச்சு, மறுபடி பத்து நிமிடம். ஓரங்களில் குமிழ் விட்டு, விரலில் ஒட்டும் பிசுக்காக மாறினால் போதும். மேல் சூட்டை மட்டும் போடும் கிரில் வசதி இருந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் முடியும், ஆனால் கதவுப் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

புகை வாசனை: விறகில் மணிக்கணக்காகப் புகைந்த கறியின் ருசி ஓவனில் வராது. கிட்டே போகலாம், அவ்வளவுதான். ஸ்மோக்ட் பாப்ரிகா பாதி வேலையைச் செய்யும். மீதிக்கு லிக்விட் ஸ்மோக், அதாவது நிஜ மரப்புகையைக் குளிர்வித்துத் திரவமாக்கியது. ஒரு கப் சாஸுக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் மருந்து வாடை அடிக்கும். மரச்சீவலை ஓவனுக்குள் கொளுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் ஃபாயில் கட்டத்தை முந்தின நாளே முடித்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வடித்த சாறும் அங்கேயே இருக்கட்டும். மறுநாள் மேலே கொழுப்பு கட்டி நிற்கும், அதை வழித்துப் போட்டுவிட்டு அடியில் உறைந்த ஜெல்லியைச் சாஸில் கலந்து கொதிக்க வைத்தால் சாஸ் தனி ரகம். ரிப்ஸை ஃபாயிலோடு 150 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, நடுப்பகுதி வரை சூடு ஏறியதைப் பார்த்துக்கொண்டு, பிறகு சாஸ் பூச ஆரம்பிக்கலாம்.