20ஆம் தேதி என்று சொன்னால் 20ஆம் தேதி கொடுப்பது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் இரண்டு. நானும் இன்னொரு பெண்ணும் தைக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லைனிங் ஜாக்கெட் முடியும். டிசம்பர் பிறக்கும் முன்பே கிறிஸ்துமஸ் சமயத்துக்கு 140 ஜாக்கெட் கைக்கு வந்துவிட்டது. எல்லாரிடமும் 20ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் கடைசி வாரத்தைப் பொய் சொல்லித்தான் ஓட்டுகிறேன். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற பைபிள் வசனப்படி இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் கடைசி வாரத்துப் பொய்யைக் கடைசி வாரத்தில் தடுக்க முடியாது. துணியை வாங்கி, அளவு ஜாக்கெட்டை மடித்து வைத்து, பில்லில் தேதி எழுதுகிறீர்களே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் அது பிறக்கிறது. அங்கே ஜெபத்தோடு கணக்கும் வேண்டும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 1 முதல் 20 வரை ஞாயிறு போக 17 நாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 8 என்றால் 136. பார்த்தால் 140க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஏமாற்றுவதே இந்த 136தான். கரண்ட் போகும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும், கைக்குழி பிடிக்கிறது என்று போன வாரம் கொடுத்தது திரும்பி வரும். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி மேல்துணியை இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது ஒரே நாளில் காயும் என்று நம்ப முடியாது. கொக்கி வைக்கவும் எம்மிங் செய்யவும் வெளியே கொடுக்கிறீர்கள் என்றால், அந்த வீட்டிலும் கிறிஸ்துமஸ் வேலை இருக்கும்.

ஆகவே 8இல் 2ஐ ஒதுக்கிவிடுங்கள். ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 6 கோடு. சாதாரண லைனிங் ஜாக்கெட்டுக்கு ஒரு கோடு. பிரின்சஸ் கட், பைப்பிங் என்று வேலை கூடினால் இரண்டு கோடு. கோடு நிரம்பினால் அந்த நாள் முடிந்தது. வாடிக்கையாளர் எதிரிலேயே நோட்டைத் திருப்பிப் பாருங்கள்; வாய் "சரி" என்று சொல்வதற்குள் கண் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். இனி வாங்கும் துணிக்குப் பில்லில் எழுதும் தேதி, நோட்டில் இருக்கும் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் இருக்கட்டும். அந்த இரண்டு நாள் கொக்கிக்கும் இஸ்திரிக்கும்.

நாளுக்கு 6 என்று பார்த்தால் 20க்குள் உங்களால் உறுதியாகத் தைத்து முடிக்க முடிவது 102. மீதி 38 ஜாக்கெட்டுக்குச் சொன்ன சொல் ஏற்கெனவே உடைந்த சொல். கொடுத்தவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் நேரடியான வழி இருக்கிறது. பிறனுக்குப் பிணைப்பட்டு (ஜாமீன் நின்று), தன் வாய்மொழியாலேயே சிக்கிக்கொண்டவனிடம், கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய், உன்னைத் தாழ்த்தி, வருந்திக் கேள் என்கிறது. உங்கள் விஷயத்தில் அது இன்றைக்கே போன் செய்வது. 19ஆம் தேதி சொன்னால் அவர்களுக்கு வேறு கடை கிடைக்காது. இப்போது சொன்னால் கிடைக்கும்.

பேசும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "அக்கா, மூணு ஜாக்கெட் கொடுத்திருக்கீங்க. 20ஆம் தேதின்னு சொன்னேன், மூணையும் என்னால முடிக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு எது, புது வருஷத்துக்கு எது?" மூன்று கொடுத்தவர்களில் பலருக்கு 25ஆம் தேதி காலை ஆராதனைக்குத் தேவைப்படுவது ஒன்றுதான். மற்றவை டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கோ, ஜனவரிக் கல்யாணத்துக்கோ இருக்கும். 26 முதல் 30 வரை ஞாயிறு போக 4 நாள், 24 கோடு. 38இல் 24 அங்கே போனால் நிற்பது 14.

அந்த 14க்கும் இரண்டே வழி. துணியையும் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுப்பது ஒன்று. அவர்கள் சம்மதித்தால் தெரிந்த வேறு தையற்காரரிடம் கொடுத்து, கூலி கூடினால் அந்த வித்தியாசத்தை நீங்களே கட்டுவது மற்றொன்று. சங்கீதம் 15இல் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனைப் பற்றி, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று இருக்கிறது. நஷ்டம் "தனக்கு" என்பதைக் கவனியுங்கள். உங்களோடு தைக்கும் பெண்ணை ராத்திரி 2 மணி வரை உட்கார வைத்தோ, அவள் ஞாயிறு ஆராதனையைப் பறித்தோ உங்கள் வாக்கைக் காப்பாற்றினால் நஷ்டம் அவளுக்குப் போகிறது.

போனில் காரணம் தேட வேண்டாம். "கரண்ட் இல்லை", "தையல்காரி லீவு" என்று ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். கணக்குப் பார்க்காமல் ஒத்துக்கொண்டேன் என்பதே போதும். கடையில் சின்னப் பெண் யாராவது உதவிக்கு இருந்தால், "அக்கா வெளியே போயிருக்காங்க" என்று அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

"ஆண்டவருக்குச் சித்தமானால் தந்துடுறேன்" என்பதையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். யாக்கோபு 4:15 நம் கைக்கு மீறியதைப் பற்றியது. எண்ணிப் பார்க்கக்கூடிய நோட்டுக் கோடுகளை எண்ணாமல் விட்டுவிட்டு அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஒன்று நிச்சயம் நடக்கும். பக்கமெல்லாம் நிரம்பிய பிறகு 15ஆம் தேதி வாக்கில் ஐயரம்மா (போதகரின் மனைவி) ஒரு ஜாக்கெட்டோடு வருவார், அல்லது சபையின் பாடகர் குழுவான கொயரிலிருந்து ஒரே நிறத்தில் 20 துணி வரும். மறுக்க வாய் வராது. ஆனால் அவர்களுக்காக யாருடைய கோட்டையாவது அழித்தால், யாக்கோபு 2ஆம் அதிகாரம் கண்டிக்கிற பட்சபாதம் அதுவே. ஒவ்வொரு நாளும் ஒதுக்கிய 2இல் மிச்சம் இருந்தால் ஐயரம்மாவின் ஒன்றை அதில் எடுக்கலாம். கொயரின் 20 அதில் அடங்காது. அடுத்த வருஷம் துணியை நவம்பர் முதல் வாரத்திலேயே தந்துவிடும்படி கொயர் தலைவரிடம் இப்போதே சொல்லி, அந்த 20 கோட்டையும் அவர் பெயரில் எழுதி வையுங்கள்.