மீன் தக்காளியும் பாகற்காய் முதலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நறுக்கிய தக்காளிக்குள் மீனின் கண்ணும் செதிலும் தெரிகிற மாதிரி ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. 'மீன் ஜீன் கலந்த தக்காளி, வாங்காதீர்கள்' என்று கீழே எழுதியிருந்தது. நாங்கள் சைவம். அம்மா இப்போது ரசத்துக்குக்கூடத் தக்காளி வேண்டாம் என்கிறார். இது உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: படம் பொய், அம்மாவைத் தாராளமாக ரசம் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் இந்தப் புரளிக்குப் பின்னால் ஒரு நிஜமான சோதனை இருக்கிறது. 1991-ல் கலிஃபோர்னியாவின் டிஎன்ஏ பிளான்ட் டெக்னாலஜி என்ற நிறுவனம், உறைபனியில் தக்காளி கெடாமல் இருக்குமா என்று பார்க்க, வின்டர் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனின் ஒரு ஜீனைச் செடிக்குள் வைத்துப் பார்த்தது. கடுங்குளிர்க் கடலில் அந்த மீனின் ரத்தம் உறையாமல் காக்கும் புரதத்துக்கான ஜீன் அது. நினைத்த பலன் கிடைக்கவில்லை, அந்தத் தக்காளி கடைக்கு வரவே இல்லை. 1994-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஃப்ளேவர் சேவர் தக்காளி வேறு. சீக்கிரம் குழைந்துபோகாமல் இருக்க மாற்றியது, அதில் மீன் சமாசாரமே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பி, அதற்கு ஒரு படத்தையும் ஒட்டவைத்ததுதான் இத்தனை வருடமாகச் சுற்றுகிறது. ஒரு ஜீன் ஒரு புரதத்துக்கான குறிப்பு, அவ்வளவுதான். கண்ணோ செதிலோ உருவாக எத்தனையோ ஜீன்கள் ஒரு உடம்புக்குள் சேர்ந்து வேலை செய்யவேண்டும், பழத்துக்குள் அது நடக்காது. இந்தியாவில் மரபணு மாற்றிய தக்காளியைச் சாகுபடி செய்ய அனுமதியும் இல்லை; பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயையே 2010-ல் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

கேள்வி: காய்கறியையும் விலங்கையும் கலந்து படம் செய்ய ஆசை. ஆனால் எலுமிச்சையில் தவளைத் தலையை வைத்தால், ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. எங்கே தவறு?
- கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: ஜோடியிலேயே சிக்கல். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கிறீர்கள், தோல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பாகற்காயின் மேடு பள்ளத்துக்கு முதலை, அன்னாசியின் கட்டங்களுக்கு ஆமை ஓடு, கிவிப் பழத்தின் பூனைமயிருக்குக் குட்டி எலி என்று தேடினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது வெளிச்சம். விலங்கின் படத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறதோ, அதே பக்கம் ஜன்னல் வருகிற மாதிரி காயை வைத்து நீங்களே படம் எடுங்கள், இணையத்தில் எடுத்த காயை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் 1994 முதல் லேயர் வசதி, அதாவது படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்காக வைத்துத் திருத்தும் வசதி, இருக்கிறது. காய் ஒரு லேயர், தலை ஒரு லேயர், நிழல் தனி லேயர். அழிப்பானால் அழிக்காமல் மாஸ்க் போட்டு மறைத்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இணைப்பைக் கழுத்து மடிப்பிலோ கால் மூட்டிலோ வையுங்கள், அங்கே கோடு இருப்பது இயல்பு என்பதால் கண் சந்தேகப்படாது. அப்புறம் உடல் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய அடர்நிழல். பெரும்பாலானவர்கள் விடுவது இதைத்தான்.

முடிந்தால் ஒருமுறை தாராசுரம் போய் ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரத்தைப் பாருங்கள். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு உடலைக் கையால் மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. இரண்டுக்கும் பொதுவான கோட்டைச் சிற்பி எங்கே கண்டுபிடித்தார் என்று அங்கேயே நின்று பார்த்தால், எந்தப் பாடக் காணொளியும் தராத ஒன்று கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். 'கணினியில் உருவாக்கியது' என்று படத்தின் மேலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் எழுதுங்கள். கீழே எழுதும் குறிப்பு ஃபார்வர்டு ஆகும்போது காணாமல் போய்விடும், கும்பகோணத்து அம்மா போன்றவர்களிடம் வெறும் படம்தான் போய்ச் சேரும்.

கேள்வி: வாழைப்பழத்துக்குள் நாய்க்குட்டி இருக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து என் ஐந்து வயது மகன் வாழைப்பழத்தைத் தொடமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
- வாசகி, தேனி

பதில்: கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். ஒரு பழத்தையும் தெருவில் ஒரு நாயையும் அவனையே மொபைலில் படம் எடுக்கச் சொல்லி, அவன் கண் முன்னாலேயே இரண்டையும் ஏதாவது ஒரு ஆப்பில் ஒன்றாக்கிக் காட்டுங்கள். எப்படி வந்தது என்று அவனுக்கே புரியட்டும். பிறகு பழத்தை அவனே உரித்து, உள்ளே பார்க்கட்டும். அன்றைக்கே சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.