வயர் இழுக்காமல், செலவு குறைவாக, மாடி அறைக்கு நெட் கொண்டுபோக என்ன வழி?

வாடகை வீடு, ரவுட்டர் கீழே வாசல் பக்கம், வேலை செய்வது மாடி அறையில், சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

எதையும் வாங்கும் முன் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். ஃபைபர் போட வருகிறவர் கேபிள் உள்ளே நுழைகிற இடத்திலேயே, டிவிக்குப் பின்னாலோ செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயோ பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரொம்பத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓரளவு தாண்டும், ஆனால் இரண்டுக்குமே சுலபமான வழி மாடிப்படியின் திறப்புதான். அதனால் ரவுட்டரைப் படிக்கட்டுப் பக்கம், ஆள் உயரத்துக்கு மேல், ஸ்டீல் பீரோ மறைக்காத இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

அப்புறமும் போதவில்லை என்றால் பலரும் ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற பெட்டி, வாங்கி, சிக்னல் வராத அறையிலேயே சொருகுகிறார்கள். படியில் நிற்கிற ஆளுக்குக் கீழே கூப்பிடுவது காதில் விழுந்தால்தானே மேலே எடுத்துச் சொல்ல முடியும்? அதைப் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். அங்கே வைத்தாலும், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்புகிற விலை குறைந்த ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். வாட்ஸ்அப்புக்குப் போதும், நாள் முழுக்க வீடியோ மீட்டிங் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு பவர்லைன் அடாப்டருக்கு. ஜோடியாக வரும். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் சொருகி ரவுட்டரோடு லேன் கேபிளால் (நெட் வயரால்) இணைத்து, இன்னொன்றை மாடி அறை பிளக்கில் சொருகினால், இடையில் வீட்டு கரண்ட் வயரே லேன் கேபிள் வேலையைச் செய்யும். நம் ஊர் வீடுகளில் இதற்கு முன் பார்க்க வேண்டியது ஃபேஸ். மூணு ஃபேஸ் வீட்டில் கீழே ஒரு ஃபேஸ், மாடியில் வேறு ஃபேஸ் என்றால் சிக்னல் வெகுவாகக் குறையும், சில வீடுகளில் வரவே வராது. கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு ஃபேஸ் போகிற அன்று எந்தெந்த அறையில் கரண்ட் நிற்கிறது என்று கவனியுங்கள். இரண்டு அறையும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தால் பெரும்பாலும் ஒரே ஃபேஸ்தான். ஸ்பைக் பஸ்டரிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் சொருகாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில்தான். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி வயரிங் என்றால் இரண்டு அடாப்டரும் ஒரே லைனில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு லைனுக்கும் சிக்னல் கசியலாம், அதனால் அடாப்டர்களில் உள்ள 'Pair' பட்டனை அழுத்தி இரண்டையும் கட்டாயம் இணைத்துவிடுங்கள்.

மாடியில் வைஃபை வேண்டுமென்றால் பரணில் கிடக்கிற பழைய ரவுட்டரை எடுங்கள். அதன் செட்டிங்கில் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிற வசதி) ஆஃப் செய்து, கீழே உள்ள ரவுட்டரின் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, அடாப்டர் வயரை வான் (WAN) போர்ட்டில் இல்லாமல் லேன் (LAN) போர்ட்டில் சொருகினால் வேலை முடிந்தது.

பவர்லைன் அடாப்டர் அட்டைப்பெட்டியில் வேகம் 600 எம்பிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், அந்த ரகத்தில் பலவற்றுக்கு லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டு வயரிங்கும் ஒவ்வொரு மாதிரி, சொருகிப் பார்த்தால்தான் தெரியும்.