பென்டிரைவ்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: 64 ஜிபி பென்டிரைவில் பாதிக்கு மேல் காலி. ஆனால் 6 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறது.

பதில்: அது ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கிறது. எவ்வளவு காலி இருந்தாலும் அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியை எட்டக்கூடாது. உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ஃபேட்' என்று ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. பழைய டிவி, கார் ஸ்டீரியோ பலவற்றுக்கு ஃபேட்32தான் தெரியும்; அதற்கென்றால் வீடியோவை இரண்டாக வெட்டுங்கள். ஃபார்மட் எல்லாவற்றையும் அழிக்கும். எந்த ஃபைலும் பென்டிரைவில் மட்டும் இருக்கக்கூடாது, வேறு இடத்திலும் ஒரு பிரதி வேண்டும்.

கேள்வி: 32 ஜிபி வாங்கினேன், 29.8தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. கம்பெனிக்கு ஒரு ஜிபி 100 கோடி பைட். விண்டோஸுக்கு 107 கோடிக்கும் மேல்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது.

பதில்: எதையும் கிளிக் செய்யாதீர்கள், வைரஸ் ஓடத் தொடங்கும். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். உங்கள் ஆவணங்களை மட்டும் காப்பி செய்து, ஸ்கேன் ஓட்டி, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். இனிக் கடைக்குப் போகும்போது பிரிண்ட் எடுக்கும் பிடிஎஃப் மட்டும் உள்ள தனி பென்டிரைவ் போதும்.

கேள்வி: 5 ஜிபி படம் ஏறவில்லை, ஏன்?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன அதே பதில்தான்.

கேள்வி: பென்டிரைவை எடுக்கும் முன் 'எஜெக்ட்' கொடுத்து, கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறீர்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து அது தேவையில்லையே? இன்னும் ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

பதில்: அந்தப் பதிப்பிலிருந்து 'குவிக் ரிமூவல்' (எஜெக்ட் இல்லாமல் எடுக்க விடும் அமைப்பு) இயல்பாக வருவது உண்மை. விண்டோஸ் எழுத வேண்டியதைத் தேக்கி வைப்பதில்லை. ஆனால் லினக்ஸ் தேக்கி வைக்கும்: காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் ஃபைலின் மிச்சம் ரேமில் இருக்கலாம். ஒரே பென்டிரைவ் பல கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது, அதனால் பழக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

மறுகேள்வி: பல வருஷமாக அப்படியே பிடுங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: படிக்கும்போது பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எழுதும் நேரத்தில் பிடுங்கினால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதியில் நிற்கும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அதைச் சரிசெய்ய உதவும் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) கிடையாது. அப்போது கெடுவது கடைசி ஃபைல் மட்டுமல்ல, முழு ஃபோல்டரும் போகலாம்.

இன்னொருவர்: எஜெக்ட் கொடுத்தால் 'பயன்பாட்டில் உள்ளது' என்கிறதே?

பதில்: அதிலிருந்து திறந்த வேர்டு, வீடியோ எல்லாவற்றையும் மூடுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. உள்ளே மகளின் ப்ராஜெக்ட் இருக்கிறது.

பதில்: 'கேன்சல்' கொடுங்கள். அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற மீட்பு சாஃப்ட்வேர் இலவசம், வேர்டு, பிடிஎஃப் ஃபைல்களையும் மீட்கும். மீட்பதை வேறு டிரைவில் சேமியுங்கள், இதிலேயே அல்ல. பெயர்கள் மாறித்தான் வரும், திறந்து பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே பிரதியைப் பென்டிரைவில் வைக்காதீர்கள் என்று இதற்காகத்தான் மேலேயே சொன்னேன்.

கேள்வி: எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் விளக்குகூட எரியவில்லை.

பதில்: சாஃப்ட்வேரால் ஆகாது. டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.