ஆலையின் ஃப்ளேர் குழாயில் எரியும் தீ உள்ளே இறங்கிவிடாதா?

மணலி பக்கம் போகும்போது சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் உச்சியில் தீ எரிவதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். தீ குழாய்க்குள் இறங்காதா, எரிக்காமல் வாயுவை அப்படியே வெளியே விட்டால் என்ன, சில நாள் கரும்புகை வருவது ஏன் என்று மூன்று கேள்விகள். ஆலையில் ப்ராசஸ் இன்ஜினியராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் முதல் கேள்வியைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்தே பாதி கிடைத்துவிடும்.

ஆலையில் மிஞ்சும் வாயுவை உச்சியில் எரித்துவிடும் அந்தக் குழாயைத்தான் ஃப்ளேர் என்கிறோம். ஒழுங்காக நடத்தப்படும் ஃப்ளேரில் தீ உள்ளே இறங்காது. காரணம், உள்ளே காற்று இல்லை. மீத்தேன் காற்றோடு 5% முதல் 15% வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். 5%க்குக் கீழே எரிபொருள் போதாது, 15%க்கு மேலே ஆக்சிஜன் போதாது. புரொப்பேனுக்கு இந்த வரம்பு 2.1 முதல் 9.5 வரை. ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 வரை, அதாவது எப்படிக் கலந்தாலும் பெரும்பாலும் எரியும். ஃப்ளேர் குழாய்க்குள் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க வாயு என்பதால் அது மேல் வரம்பைத் தாண்டிய நிலையிலேயே இருக்கிறது. உச்சியில் வெளிக்காற்றோடு கலக்கும் இடத்தில் மட்டும்தான் எரிய முடியும்.

ஆகவே நாங்கள் உண்மையில் பயப்படுவது தீ உள்ளே வருவதைப் பற்றி அல்ல, காற்று உள்ளே வருவதைப் பற்றி. அது வர வழிகள் உண்டு. ஏதோ ஒரு யூனிட்டிலிருந்து சூடான வாயுவும் நீராவியும் ஃப்ளேர் ஹெட்டருக்குள் (எல்லா யூனிட்டின் வாயுவையும் சேர்த்து ஃப்ளேருக்குக் கொண்டுவரும் பொதுக் குழாய்) வந்து, பிறகு வரத்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும், நீராவி தண்ணீராகும், அழுத்தம் குறையும். உடனே உச்சி வழியாகக் காற்று இறங்கத் தொடங்கும். ஹைட்ரஜன் போன்ற லேசான வாயு என்றால் அது மேலே எழும்பிப் போகப் போக, அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். இப்படிக் கலந்த பிறகு, வாயுவைப் பற்றவைக்க உச்சியில் எப்போதும் எரியும் சின்ன பைலட் சுடரே போதும். அமைதியான மீத்தேன்-காற்றுக் கலவையில் சுடர் நொடிக்கு 40 சென்டிமீட்டர் அளவில்தான் நகரும். ஆனால் நீளமான குழாய்க்குள் அது வேகம் பிடித்துக்கொண்டே போய், ஒலியைவிட வேகமான வெடிப்பாக மாறக்கூடும்.

இதைத் தடுக்கத்தான் வரத்தே இல்லாத நேரத்திலும் கொஞ்சம் எரிவாயுவோ நைட்ரஜனோ ஹெட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பர்ஜ் என்போம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்று இறங்குவதை மறிக்கும் சீல் ஒன்று இருக்கும். அடியில் வாட்டர் சீல் டிரம்: வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், வாயு குமிழிட்டுத்தான் வெளியே போக வேண்டும். 30 செ.மீ. ஆழம் மூழ்கியிருந்தால் ஹெட்டரில் எப்போதும் சுமார் 3 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் நிற்கும். ஹெட்டரில் சின்ன ஓட்டை இருந்தாலும் வாயு வெளியே கசியுமே தவிர, காற்று உள்ளே இழுபடாது.

இதைவிடக் கவனம் தேவைப்படும் வேலை, ஷட்டவுனுக்குப் பிறகு ஃப்ளேரைத் திரும்பத் தொடங்குவது. குழாய் முழுக்கக் காற்று இருக்கிறது, அதில் நேராக வாயுவை விட்டால் 0%லிருந்து 100%க்குப் போகும் வழியில் அந்த 5 முதல் 15 வரையுள்ள பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். அதனால் முதலில் நைட்ரஜனை விட்டு ஆக்சிஜனைக் குறைக்கிறோம். நைட்ரஜன் கலந்த நிலையில் ஆக்சிஜன் 12%க்குக் கீழே போனால் மீத்தேன் எந்த அளவிலும் எரியாது. ஹைட்ரஜன் என்றால் 5%க்குக் கீழே போக வேண்டும். நடைமுறையில் அதற்கும் நன்றாகக் கீழே கொண்டுபோன பிறகே வாயுவை விட வேண்டும். வேலைக்காகக் குழாயைத் திறக்கும்போது தலைகீழாக: வாயு, நைட்ரஜன், கடைசியில்தான் காற்று. நேரம் மிச்சம் என்று நடுவிலுள்ள நைட்ரஜனைத் தவிர்ப்பதை எந்த அவசரத்துக்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே ஒரு விஷயம், இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக. தீப்பிடிக்கும் கீழ் வரம்பைத்தான் எல்.இ.எல். என்கிறோம். எல்.இ.எல். மீட்டர் காட்டும் சதவீதம் வாயுவின் சதவீதம் அல்ல, கீழ் வரம்பில் எத்தனை சதவீதம் என்பது. மீத்தேனுக்கு 20% எல்.இ.எல். என்றால் காற்றில் 1% வாயு. அப்புறம், அந்த மீட்டரில் இருக்கும் கேடலிட்டிக் சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது, அதற்கே ஆக்சிஜன் வேண்டும். வாயு நிரம்பிக் கிடக்கும் டிரம்மிலோ நைட்ரஜன் நிரம்பிய குழாயிலோ அதை நீட்டினால் பூஜ்யம் என்று காட்டக்கூடும். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒருவர் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஆக்சிஜன் அளவு, அது சரியாக இருந்தால்தான் எல்.இ.எல். அளவுக்கு அர்த்தம்.

ஃப்ளேரில் காற்றுக்கு அடுத்த எதிரி, வாயுவோடு சேர்ந்து வரும் திரவம். அதைப் பிரிக்கவே நாக்-அவுட் டிரம். அது நிரம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் நடந்ததைப் படிக்க வேண்டும். காலையில் இடி மின்னலால் டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலை தடுமாறியது. ஒரு வால்வு மூடிக் கிடக்க, கன்ட்ரோல் ரூமில் திறந்திருப்பதாகக் காட்டியது. நாக்-அவுட் டிரம் நிரம்பி, திரவம் ஃப்ளேர் குழாய்க்குள் பாய்ந்து, அரித்துப்போயிருந்த ஒரு வளைவை உடைத்தது. சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். கடைசிப் பதினோரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் அடித்திருக்கின்றன. யாராலும் சமாளிக்க முடியாது. அந்த ஆபரேட்டர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, எரிக்காமல் விட்டால் என்ன? ஆலை வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம், அது ஆளைக் கொல்லும். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவி, எங்கோ ஒரு பொறியைத் தேடிப் போகும். மீத்தேன் லேசானது, மேலே போய்விடும், ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ மீத்தேனை முழுமையாக எரித்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, எரிக்காமல் விடுவது பத்து மடங்கு கேடு.

ஆனால் முழுமையாக எரிய வேண்டும். வழக்கமாக 98% எரிந்துவிடுவதாகக் கணக்கு வைப்பார்கள். அமெரிக்காவின் மூன்று எண்ணெய் வயல் பகுதிகளில் விமானத்தில் பறந்து அளந்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், மீத்தேனில் சுமார் 91% மட்டுமே அழிகிறது என்று தெரிந்தது. சுடர் அணைந்து போய் வாயு அப்படியே வெளியேறிய ஃப்ளேர்களும் அதில் சேர்த்தி. கரும்புகையைப் பார்த்துத்தான் மக்கள் கோபப்படுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அணைந்த ஃப்ளேரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கரும்புகைக்குக் காரணம் எளிது. ஒரு பங்கு மீத்தேனுக்குச் சுமார் 9.5 பங்கு காற்று போதும், புரொப்பேனுக்கு 24 பங்கு வேண்டும். திடீரென்று கனமான வாயு நிறைய வந்தால் அவ்வளவு காற்று கலக்க நேரம் இருக்காது, கரி வரும். உச்சியில் நீராவி அடித்துக் காற்றை உள்ளே இழுப்பது அதற்காகத்தான். நீராவி அதிகமானாலும் தப்பு: சுடர் குளிர்ந்து, புகையே தெரியாமல் எரியாத வாயு போய்விடும்.

வீணாகாமல் பிடிக்க முடியுமா என்றால், முடியும். வாட்டர் சீலுக்கு முன்னால் கம்ப்ரசர் வைத்து வாயுவை இழுத்து, சுத்தம் செய்து, உலைகளுக்கே எரிபொருளாக அனுப்பலாம். அந்த வசதி உள்ள ஆலையில் சாதாரண நாளில் பைலட் சுடர் மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு யூனிட் ட்ரிப் ஆகும்போது, அதாவது திடீரென்று நின்றுபோகும்போது, சில நிமிடங்களில் வரும் வெள்ளத்தை எந்தக் கம்ப்ரசரும் விழுங்காது. அப்போது வாயு வாட்டர் சீலைத் தள்ளிக்கொண்டு மேலே போகும். நீங்கள் பார்த்த பெரிய தீ அப்படிப்பட்ட ஒரு நாளாகவோ, ஸ்டார்ட்-அப் நாளாகவோ இருக்கலாம். நாள் கணக்கில் அதே அளவில் எரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தேதி, நேரம், புகைப்படத்தோடு எழுதிக் கேளுங்கள்.