வவுனியா டவுன் இரவிலும் ஏன் ஆறுவதில்லை? வெக்கை பற்றிய கேள்வி பதில்

குருமன்காடு: சேர், செட்டிகுளத்தில் அம்மா வீட்டில் இரவில் போர்த்திக்கொண்டு படுக்கிறோம். இங்கே டவுனில் ஃபான் போட்டும் வேர்க்கிறது. ஏன்?

கொங்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் மெதுவாக விட்டுக்கொண்டிருக்கின்றன. மதிலும் மாடியும் நெருங்கிய ஒழுங்கையில் ஒரு சுவர் விட்டதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்ளும். நகரத்து இரவு நாட்டுப்புறத்தைவிடச் சூடு என்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 200 வருடத்துக்கு முன்பே அளந்து எழுதிவிட்டார். மற்றது தண்ணீர். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். வளவில் நின்ற வேம்பு அந்த வேலையைத்தான் இலையால் செய்தது. அதைத் தறித்து முற்றமெல்லாம் இன்ரர்லொக் கல் பதித்தால், அந்த வெப்பம் கல்லையும் காற்றையும்தான் சூடாக்கும். தயவுசெய்து நிற்கிற மரத்தைத் தறிக்காதீர்கள்.

பரந்தன்: சூட்டைக் காட்டும் செய்மதிப் படத்தில் டவுனைவிட வயல்வெளிதான் சிவப்பு. அப்ப நகரம் சூடு என்பது பொய்தானே?

இல்லை தம்பி. படம் காட்டுவது தரையின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. படமெடுக்கிற லான்ட்சாட் செய்மதி நம் பக்கம் வருவது காலை 10 மணியளவில். வெட்டு முடிந்து காய்ந்து கிடக்கிற வயல் அந்நேரமே கொதிக்கும், பொழுதுபட்டதும் கெதியாக ஆறிவிடும். கொங்கிரீட் ஆறாது. அதே வயலைப் பயிர் நிற்கும்போது பாருங்கள், நிறமே வேறு.

பரந்தன்: அப்படியென்றால் காடு வெட்டியதும் சூடுதானே? டவுனை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

காட்டை நான் விடவேயில்லை. பாலை மரமும் வீரை மரமும் கடும் கோடையிலும் பச்சையாக நிற்பவை, ஆழத்து நீரை எடுத்து ஆவியாக்குபவை. அவை போய் வெறுந்தரையானால் பகற்சூடு ஏறும். டவுனின் இரவுச்சூடு கட்டடங்களால் வருவது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம். இதைச் சொன்னால் "அபிவிருத்திக்கு எதிரி" என்கிறார்கள். வீடு கட்டுங்கள், மரத்துக்கும் இடம் விட்டுக் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முள்ளியவளை: தகரக் கூரைக்கு என்ன செய்யலாம் அண்ணை?

மேலே வெள்ளைப் பெயின்ற். கீழே காற்றுப் போக இடைவெளி விட்டுக் கிடுகு.

மன்னார்: படத்தில் எங்கட ஊர் 40 பாகைக்கு மேல்!

தரைச்சூடு. பரந்தன் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வைரவபுளியங்குளம்: குளக்கரையை நிரப்பினால் தள்ளி இருக்கிற எங்களுக்கு என்ன?

சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து குளத்தைத் தடவி வருவது. அந்தக் குளிர்ச்சி போவதைக் குளத்துக்கு வடகிழக்கே இருப்பவர்கள் பகலில் முதலில் உணர்வார்கள். குளம் சுருங்கினால் அயல் கிணறுகளும் வற்றும், பிறகு மரமும் வாடும். ஒரு அடிகூட நிரப்ப விடாதீர்கள்.

நெளுக்குளம்: எந்த ஏசி நல்லது?

கடையில் கேளுங்கள். வெளிப்பெட்டியைப் பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

கிளிநொச்சி: படத்தில் எங்கட வீதி 45 என்று காட்டுதே?

அதுவும் தரைச்சூடுதான்! காற்றின் வெப்பம் வேண்டுமென்றால் வெப்பமானியை நிழலில், தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில், சுவரில் படாமல் தொங்கவிடுங்கள். இரவு 9 மணிக்கும் ஒருமுறை பார்த்து, இடத்தோடு எழுதி அனுப்புங்கள்.